பாலத்தின் காலில் கட்டிய துத்தநாகம்

யெரோலிமுக்குக் கடலடியில்தான் பிழைப்பு. தீவையும் கரையையும் இணைக்கும் பாலத்தின் கான்கிரீட் தூண்களில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவான். தூணுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியோடு கட்டியை இணைத்துவிட்டால், உப்புநீர் இரும்பை விட்டுவிட்டுத் துத்தநாகத்தைத் தின்னும். பாலம் இல்லாத காலத்தில், கரையிலிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வாடைக்காற்றில் படகு ஓடாமல் துறையிலேயே காத்துக் கிடந்து, அவன் மனைவி பெரினா தலைப்பிள்ளையைப் பறிகொடுத்திருந்தாள்.

ஒரு பிப்ரவரியில் நடுத்தூணடியில் முங்கியபோது நான்கு கட்டிகளைக் காணோம். யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். மாலையில் துறைக்கு வந்தால், கிர்ஷெவானின் இரும்பு மீன்படகுக்குப் பின்னால் அவற்றில் ஒன்று கம்பியில் தொங்குகிறது. கிர்ஷெவான் பால்ய சிநேகிதன். யெரோலிமின் மகளுக்கு ஞானத்தந்தை.

"இது ஏதுடா?"

"கடல்ல கெடந்துச்சு. கடல் என்ன ஒங்கப்பன் சொத்தா?"

"பாலத்துக் கால்லேர்ந்து அறுத்திருக்க."

"நாலு கட்டி போனா பாலம் விழுந்துருமா? என் படகு அடியெல்லாம் அரிச்சுப் போச்சு."

"உள்ள கம்பி துருப்பிடிச்சா ஊதும்டா. ஊதினா கான்கிரீட் வெடிக்கும். மேல பஸ்ல போறவனுக்கு அது தெரியுமா?"

கிர்ஷெவான் வலையைத் தைக்கத் தொடங்கினான்.

கட்டிகளைக் காணவில்லை என்று மட்டுமே யெரோலிம் அலுவலகத்தில் சொன்னான். ஒழுங்காகப் பொருத்தவில்லை என்று அவனையே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"பேரச் சொல்லித் தொலைச்சா என்ன?" என்றாள் பெரினா.

"சொன்னா அவன் படகப் பிடுங்கிருவாங்க."

"ஒன் வேலையப் பிடுங்கிட்டாங்களே, அவன் வாயத் தொறந்தானா?"

மறுநாள் பெரினா நேராகக் கிர்ஷெவான் வீட்டு வாசலில் போய் நின்றாள். சத்தம் போடவில்லை.

"அப்பா ஏன் வேலைக்குப் போகலன்னு ஒன் ஞானமக கேக்குறா. நீயே வந்து சொல்லிரு."

அடுத்த நாள் காலை கிர்ஷெவான் நான்கு கட்டிகளையும் சாக்கில் கட்டி, பஸ் ஏறி, பாலத்தைக் கடந்து அலுவலகத்துக்குப் போனான். கோடை முடியும்வரை அவன் மீன்பிடிக்கக் கூடாதென்று தடை விழுந்தது. யெரோலிமை மறுபடி கூப்பிட்டார்கள்.

அந்தக் கோடையில் கட்டிகளைக் கயிற்றில் இறக்கிக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. யெரோலிம் கிர்ஷெவானின் பெயரைச் சொன்னான். பல நாள் இருவரும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

"இறக்கவா?"

"இறக்கு."

ஒரு மதியம் நடுங்கிக்கொண்டு மேலே வந்த யெரோலிமின் தோளில் கிர்ஷெவான் தன் சட்டையைக் கழற்றிப் போட்டான்.

"மீன் நாத்தம்டா" என்றான் யெரோலிம். ஆனால் தோளிலிருந்து எடுக்கவில்லை.