சித்தப்பா செய்த நடுப்பெட்டி

எழுத வராதவள் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் சந்தேகம். போதாக்குறைக்கு மறதி வேறு. எதற்காகக் கடைக்கு வந்தோம் என்று கடைக்காரரையே கேட்கிறவள் நான். ஆனால் சொல்லப் போகிற விஷயம் ரொம்பப் பழசு. பழசு எனக்கு அவ்வளவாக மறக்காது.

என் சின்ன மாப்பிள்ளை மரக்காணத்து வீட்டுக் கூடத்தை மரக்கடையாக்கி வைத்திருக்கிறார். ஹோம் தியேட்டருக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்கிறாராம். கடையில்தான் விற்கிறதே என்றால், "சொந்தமா செஞ்சா வர்ற சத்தமே வேறங்க அத்தை" என்கிறார். டி.வி.க்கு இரண்டு பக்கமும் உயரமாக ஒவ்வொரு பெட்டி, அதற்கு டவர் என்று பேர். டி.வி.க்கு அடியில் படுக்கை வசத்தில் ஒரு பெட்டி, அது சென்டர். பாட்டும் இடியும் சண்டையும் டவரில் வருமாம், பேச்சு சென்டரில் வருமாம். "இது எங்க வூட்லயே இருந்துச்சே, நான் சின்னப் பொண்ணா இருக்கறப்ப" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "டி.வி.யே இல்லாத காலத்துல ஹோம் தியேட்டராம்மா?" என்று என் மகள் சிரித்தாள். நாலு பேருக்கு முன்னால் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது எங்கள் வீடு உப்பளத்துப் பக்கம், ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. தோப்புக்கு அந்தப் பக்கம் வெயில் காலத்தில் சினிமா கொட்டாய் போடுவார்கள். கீற்றுக் கூரை, மணல் தரை. பொழுது சாய்ந்து முதல் ஆட்டம் தொடங்கினால் பாட்டு எங்கள் அடுப்படி வரைக்கும் வரும். பேச்சு வராது. காற்று திரும்பிவிட்டால் பாட்டும் வராது. எங்கள் வீட்டுப் பெண்கள் அதற்கு மேல் ஆசைப்படவும் கூடாது. அது அப்பா போட்ட சட்டம். அப்பா குத்தகைக்கு உப்புப் பாத்தி எடுத்திருந்தார். "நம்ம பாத்தியில உப்பு வாரப் பலகை புடிக்கிறவன் பக்கத்துல நம்ம வூட்டுப் பொம்பளைங்க குந்திக்கினு படம் பாக்கறதா?" என்பார். பகலெல்லாம் அவரும் அதே ஆட்களோடு ஒரே வரப்பில் உட்கார்ந்துதான் கூழ் குடிப்பார். அதை எடுத்துச் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை.

சித்தப்பா அப்பாவுக்குத் தம்பி. பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சினை ஓட்டுவது, நின்றால் பிரிப்பது, மறுபடி பூட்டும்போது மிச்சப்படுகிற திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது, இவைதான் அவர் வேலை. ஆனால் எஞ்சின் ஓடும். அந்த வருஷம் தை மாதம் அவருக்குக் கல்யாணம் ஆனது. சித்தி இரும்பை என்கிற ஊர்ப் பக்கத்துப் பெண். அவள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு மாதிரி இருக்குமாம். எங்கள் தண்ணீரில் சோறு வைத்தால் உப்புப் போடுகிற வேலை மிச்சம். வந்ததிலிருந்து சித்தி பேசியது "சரிங்க", "வேணாங்க" என்ற இரண்டு சொல்தான். "ஏங்க்கா, உங்க ஓரகத்திக்கு வாய் இருக்குதா, இல்ல இரும்பையிலயே வச்சிட்டு வந்துட்டாளா?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவைச் சீண்டுவார்கள்.

சித்திரை மாதத்தில் சித்தியின் அண்ணனிடமிருந்து ஆள் மூலமாகச் சேதி வந்தது. தங்கச்சிக்குத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லையாம், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறாராம். சித்தி தகரப் பெட்டியில் துணியை அடுக்கினாள். "கொடியில ஒத்தத் துணி கூட வுட்டு வெக்கல. போனா வர மாட்டாடா" என்று அம்மா சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். சித்தப்பா எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைக்கு எஞ்சினுக்கு ஒரு கோளாறும் இல்லை.

அந்த வாரம்தான் கொட்டாய்க்காரர்கள் வண்டியில் மேளம் அடித்துக்கொண்டு அடுத்த படத்துக்கு நோட்டீஸ் வீசினார்கள். நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். சித்தி அதை வாங்கிப் பார்த்தாள். முகம் விளக்கு ஏற்றினது மாதிரி ஆனது. "ஐயோ, இந்தப் படமா! எங்க ஊர் கொட்டாயில இத எத்தினி வாட்டி பாத்திருக்கேன் தெரியுமா?" என்றாள். சித்தி வாயிலிருந்து அவ்வளவு நீளமான பேச்சை நான் கேட்டதே இல்லை. எஞ்சின் கொட்டகைக்கு ஓடிப்போய் சித்தப்பாவிடம் சொன்னேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பா அப்பாவிடம் கேட்டார். "கொட்டாய்க்குப் போவலண்ணா. கொட்டாயே நம்ம வூட்டுக்கு வந்துச்சின்னா?"

"வந்தா வரட்டும், வாணாங்கலியே" என்றார் அப்பா. தம்பி விளையாடுகிறான் என்று நினைத்திருப்பார்.

கொட்டாயில் படம் ஓட்டுகிறவர் சித்தப்பாவுக்குச் சிநேகம். அவர்கள் எஞ்சின் படுத்துக்கொண்டால் சித்தப்பாதான் போய் எழுப்புவார். அந்த நன்றிக்கு அவர் கிழிந்துபோன பெரிய ஸ்பீக்கர் இரண்டையும், ஒரு செத்த ரேடியோவிலிருந்து கழற்றிய சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் கொடுத்தார். கொட்டாய் மெஷினிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒயர் இழுத்துக்கொள்ளவும் சம்மதித்தார். சித்தப்பா சவுக்கு மரங்களில் கட்டிக்கட்டி ஒயரைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். ஸ்பீக்கர் கிழிசலுக்குக் கஞ்சிப் பசை போட்டுக் காகிதம் ஒட்டினார். பழைய படகுப் பலகையை அறுத்து, என்னைவிட உயரமாக இரண்டு பெட்டி, தரையில் படுக்க வைக்கிற மாதிரி ஒரு நடுப்பெட்டி. பெரிய ஸ்பீக்கர்கள் உயரப் பெட்டிக்கு, சின்னது நடுப்பெட்டிக்கு. இடுக்கெல்லாம் படகுக்குப் பூசுகிற குங்கிலியத்தைக் காய்ச்சி அடைத்தார். வீடே சாம்பிராணி போட்ட மாதிரி மணத்தது.

பெட்டி லேசாக இருந்தால் சத்தத்தில் நடுங்குமாம், அடியில் மணலைக் கொட்டிக் கனமாக்கச் சொன்னாராம் படம் ஓட்டுகிறவர். சித்தப்பா கூடையில் மணலோடு வந்தார். அம்மா வாசலிலேயே மறித்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வாழ வந்த பொண்ணு இருக்கற வூட்டுக்குள்ள மண்ண வாரிக் கொட்டுவியா? எடுத்துக்கினு போ!"

"கனத்துக்கு என்னத்த அண்ணி போடறது?"

"உப்பு இல்ல? உப்பு லட்சுமி. எவ்ளோ வோணாலும் கொட்டு."

இரண்டு பேருக்கும் அதைவிட நல்ல யோசனை கிடையாது என்று தோன்றிவிட்டது. பாத்தியிலிருந்து அப்போதுதான் வாரிக் குவித்த உப்பு, ஈரம் வடியாதது. கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். நான்தான் கையால் அழுத்தி அழுத்தி அடைத்தேன். புது உப்பு தண்ணீர் விடும் என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக் கூடத் தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சோதனை பார்த்தார்கள். கொட்டாயில் படம் ஓட்டுகிறவர் மைக்கைப் பிடித்துத் தொண்டையைக் கனைத்தார். கனைப்பு எங்கள் கூடத்தில் கேட்டது. "யாருடி அது, ஆம்பள உள்ள?" என்று அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சித்தப்பா தரையில் உட்கார்ந்து சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. ஆனால் நடுப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, படம். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் எங்கள் கூடத்தில். திரை கிடையாது, சுண்ணாம்பு அடித்த சுவர்தான். எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சித்தி தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா எஞ்சின் பெல்ட்டைத் தைக்கிற சாக்கில் வாசற்படியில் நின்றார். எழுத்துப் போடுகிற மியூசிக் தொடங்கியதும் பரணில் பாத்திரங்கள் அதிர்ந்தன. நாங்கள் கை தட்டினோம். பிறகு பேச்சு வந்தது. வாய் நிறைய வெற்றிலையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி "ம்பூ, ம்பூ" என்று வந்தது. உயரப் பெட்டிகள் முழங்குகின்றன, நடுப்பெட்டி வாயைத் திறக்கவில்லை.

சித்தப்பா பின்பலகையைக் கழற்றினார். உள்ளேயிருந்து உப்புத் தண்ணீர் கொடகொடவென்று ஊற்றியது. ஸ்பீக்கர் கம்பி அற்றுக் கையோடு வந்தது. உயரப் பெட்டிகளில் ஸ்பீக்கர் மேலே இருந்ததால் தப்பித்தன. நடுப்பெட்டியில் அது உப்புக்குப் பக்கத்திலேயே அல்லவா படுத்திருந்தது.

"டேய், உப்பக் கொண்டாந்து பெட்டியில போட்டு அடைச்சா, அது அழாம இன்னா பண்ணும்?" என்றார் அப்பா. கூடமே சிரித்தது. சித்தப்பா நிமிரவில்லை. காது மட்டும் சிவந்துபோனது.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. "'சாப்ட்டியாம்மா'ன்னு அண்ணன்காரன் கேக்கறான். 'நீ வராம நான் எப்பண்ணா சாப்ட்டேன்'னு தங்கச்சி சொல்றா."

எல்லோரும் திரும்பினோம். சித்தி எங்களைப் பார்க்கவில்லை, வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. அண்ணனுக்குக் கட்டைக் குரல், மாமியாருக்கு மூக்கால் ஒரு குரல், கணக்குப்பிள்ளைக்குத் திக்குவாய். பாட்டு வந்தால் சித்தி நிறுத்துவாள், பெட்டிகள் பாடும். பேச்சு வந்தால் பெட்டிகள் உறுமும், சித்தி பேசுவாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு அப்பா எப்போது உள்ளே வந்து உட்கார்ந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. "மாமியாக்காரி அதுக்கு இன்னா சொன்னாம்மா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

கடைசிக் கட்டம். மாமியார் வீட்டில் கஷ்டப்படுகிற தங்கையை அழைத்துப்போக அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வருகிறான். பெட்டிகளில் வயலின் இழுக்கிறது. சித்தி தகரப் பெட்டி மேல் கையை வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நான் வரலண்ணா. நீ சாப்ட்டுட்டுப் பத்திரமா போ. எனக்கு இங்க ஒரு கொறயும் இல்ல. தண்ணிதான் உப்பு, அவ்ளோதான்."

டங்கென்று சத்தம் கேட்டது. சித்தப்பா கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்திருந்தது. அழகான இடத்தில் சத்தம் போடுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. "உஸ்ஸ், சித்தப்பா! படம் கெட்டுப்போவுது" என்று அதட்டினேன். அம்மா ஏனோ என்னை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள்.

மறுநாள் சித்தியின் அண்ணன் வந்தார். மீன் குழம்பு சாப்பிட்டார். சாயங்கால பஸ்ஸில் கருவாட்டுப் பொட்டலத்தோடு தனியாகத் திரும்பினார். கொடியில் சித்தியின் புடவை காய்ந்தது.

அந்த வெயில் காலம் முழுக்கப் படம் மாறும்போதெல்லாம் எங்கள் கூடத்தில் கூட்டம். பார்க்காத படத்துக்கும் சித்தி பேசினாள். அதில் வருகிற வில்லன்கள் எல்லோரும் எங்கள் அப்பா மாதிரியே பேசினார்கள், அப்பாவே அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மட்டும் ஒரு குறை. நடுப்பெட்டியைச் சித்தப்பா சரிசெய்யவே இல்லை. நான் தினமும் நச்சரித்தேன். "பாண்டிச்சேரியிலேர்ந்து சாமான் வரணும் கண்ணு" என்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற ஆளுக்கு ஒரு கம்பியைப் பற்றவைக்கத் தெரியவில்லையே என்று எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் சித்தப்பாவுக்கு ரிப்பேர் வேலை அவ்வளவாக வராது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். கொட்டாயைப் பிரித்துக்கொண்டு போகிற வரைக்கும் அந்தச் சாமான் பாண்டிச்சேரியிலிருந்து வரவில்லை.

படத்தின் பேர் எனக்கு மறந்துவிட்டது. அண்ணன் ஜமீன்தார், தங்கையை வாழ்க்கைப்பட்ட வீட்டில் கொடுமை செய்வார்கள், கடைசியில் அவன் வில்வண்டியில் வந்து கூப்பிடுவான். டி.வி.யில் எப்போதாவது போடுகிறார்களாம். உட்கார்ந்தால் நான் பாதியில் தூங்கிவிடுகிறேன். படித்தவர்கள் யாராவது அந்தக் கடைசிக் கட்டத்தைப் பொறுமையாகப் பார்த்து, தங்கச்சி தண்ணீரைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா என்று எனக்குச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் வருத்தமில்லை.