ஐந்துக்கு ஐந்து

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எல்லாரும் அவரை ஓஸ்வால்ட் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் ஒரு நாளும் வகுப்பு எடுத்தவர் இல்லை. கன்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்துநான்கு வருஷம் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக இருந்தார். கண்ணாடிக் குழாய்களைக் கழுவினார், அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினார், பிள்ளைகள் உடைத்ததை நோட்டில் எழுதிவைத்தார். இதையெல்லாம் யாரும் செய்திருப்பார்கள். பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸாமினரைக் கவனித்துக்கொள்வதில்தான் அவருக்கு நிகராக ஆளில்லை. ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போடுவார். பத்தரைக்குக் காபியும் கட்லெட்டும் வந்துவிடும். ஒரு மணிக்குச் சாப்பாடு, கைகழுவும் இடத்தில் புதுத் துண்டு. சாயங்காலம் எக்ஸாமினர் கிளம்பும்போது சிரித்த முகமாகப் போனால், பிள்ளைகளுக்கு முப்பதுக்கு முப்பது விழும். இதை லஞ்சம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மரியாதை என்பார்.

மகன் விஷயத்திலும் அவர் இந்த ஒன்றைத்தான் நம்பினார்.

மகன் பெயர் க்ளென். இருபத்தேழு வயது, கூரியர் கிடங்கு ஒன்றில் வேலை. போன வருஷம் ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழேமுக்காலுக்கு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனவன் வேலைக்குப் போய்ச் சேரவில்லை. போன் அணைந்து கிடந்தது. மூன்றாம் நாள் பையப்பனஹள்ளி மெட்ரோ ஸ்டேஷன் பார்க்கிங்கில் பைக் கிடைத்தது. ஹெல்மெட் பூட்டில் தொங்கியது, பெட்ரோல் அரை டாங்க் இருந்தது. ஆள் மட்டும் இல்லை.

ஓஸ்வால்டும் மனைவி நோராவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, உள்ளே கால் வைப்பதற்குள் ஹெட் கான்ஸ்டபிள் நஞ்சுண்டப்பா நாற்காலியைக் காட்டிவிட்டார். "கூத்கொள்ளி ஸார், கூத்கொள்ளி மேடம்" என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார். வரிசையாக நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாம் புதுசு. வழி கேட்க வந்தவனைக்கூட உட்காரவைத்துவிட்டுத்தான் வழி சொன்னார்கள். போலீஸுக்குள்ளும் இவ்வளவு மரியாதையா என்று ஓஸ்வால்டுக்கு மனசு இளகிவிட்டது. புகாரை எழுதிக்கொண்டார்கள், அதன் நகலைக் கொடுத்தார்கள். லவ் மேட்டரா, வீட்டில் சண்டையா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் இல்லை என்று சொன்னதும் நஞ்சுண்டப்பாவுக்கு அதற்கு மேல் கேட்கக் கேள்வி இல்லாமல் போயிற்று.

நாற்காலியின் சங்கதி அடுத்த மாதம்தான் புரிந்தது. காலையில் போலீஸ் எண்ணிலிருந்து போன் வந்தது. நோரா அடுப்பை அணைத்துவிட்டு ஈரக்கையோடு ஓடிவந்தாள். போனைக் காதில் வைத்ததும் ஓஸ்வால்ட் கேட்டது இரண்டே வார்த்தை. "அவன் கெடச்சிட்டானா?"

அந்தப் பக்கம் கன்னடத்தில் ஆரம்பித்த ஒரு பெண் குரல், இவர் பேசியதைக் கேட்டுத் தமிழுக்கு மாறியது. பெயர் ஃபாத்திமா என்றாள். புகார் கொடுத்தவர்களை மாதம் ஒரு தரம் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்கும் கம்பெனியில் வேலை. மார்க்குகளைக் கூட்டிப் போட்டுத்தான் எந்த ஸ்டேஷன் மேல் ஜனங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று மேலே கணக்குப் பார்க்கிறார்களாம்.

"ஸ்டேஷன்ல உக்கார சேர் குடுத்தாங்களா அங்கிள்? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள ஒரு மார்க் சொல்லுங்க."

"பையன் கெடச்சானான்னு ஒரு கேள்வி இருக்காம்மா?"

"இல்ல அங்கிள். என் ஸ்க்ரீன்ல மொத்தமே அஞ்சு கேள்விதான். சேரு, மரியாதை, புகார் காப்பி, எவ்ளோ சீக்கிரம் அட்டெண்ட் பண்ணாங்க, அப்புறம் போலீஸ் மேல நம்பிக்கை."

"அஞ்சு."

"எதுக்கு அங்கிள்?"

"எல்லாத்துக்கும்மா."

போனை வைத்ததும் நோரா பிடித்துக்கொண்டாள். ஒரு பல் டாக்டரிடம் இருபது வருஷம் ரிசப்ஷனில் உட்கார்ந்தவள். வலிக்காது என்று சொல்லி ஆட்களை உள்ளே அனுப்பி அனுப்பி, இனிப்பான பேச்சு எதன் மேலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

"ஒரு மாசமா ஒருத்தன் வாசல் மிதிக்கல. அஞ்சு குடுக்கறே. சைபர் குடு மேன்."

"சைபர் கெடையாது. ஒண்ணுலேருந்துதான் ஆரம்பம்."

"அப்ப ஒண்ணு குடு."

"ஒண்ணு குடுத்தா என்ன ஆவும் தெரியுமா? மேல இருக்கறவன் இன்ஸ்பெக்டருக்கு டோஸ் விடுவான். இன்ஸ்பெக்டர் வந்து நஞ்சுண்டப்பா மேல பாய்வான். அப்புறம் அந்தாளு க்ளென்னைத் தேடுவானா, நம்மளைத் தேடுவானா?"

நோரா அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள்.

இப்படி மாதம் ஒரு போன். ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைப் பார்த்ததும் க்ளென் பற்றிய செய்தி என்றே இருவரும் நினைப்பார்கள். ஃபாத்திமாவுக்கும் அது தெரிந்துவிட்டது. பிறகெல்லாம் போனை எடுத்ததும், "ஃபாத்திமாதான் அங்கிள், மார்க்குக்குத்தான்" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். அது அவளுடைய நல்ல மனசு. ஓஸ்வால்ட் ஐந்துக்கு ஐந்து சொல்லிவிட்டு, "க்ளென் ஃபைலைக் கொஞ்சம் பாக்கச் சொல்லும்மா" என்பார். அதை எழுத அவள் ஸ்க்ரீனில் இடம் இல்லை. சரி அங்கிள் என்பாள்.

பத்து மாதம், பத்து போன். பதினோராம் மாதம் போன் வரவில்லை. அதற்குப் பதிலாக நஞ்சுண்டப்பாவே வீட்டுக்கு வந்தார். தேடி வந்த முதல் தடவை என்பதால் நோரா கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"பயப்படாதீங்க மேடம், நல்ல விஷயம். நம்ம ஸ்டேஷன்லயே ஸார் மார்க்குதான் டாப். பத்து தடவையும் ஃபுல். சனிக்கிழமை பப்ளிக் மீட்டிங் இருக்கு, டெபுடி கமிஷனர் சாஹேப்ரே வராரு. ஸார் ஜனங்க சார்பா நாலு வார்த்தை பேசணும்."

அவர் போனதும் ஓஸ்வால்ட் நிலைகொள்ளாமல் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தார். "பாத்தியா? மரியாதைக்கு மரியாதை. டெபுடி கமிஷனர் மூஞ்சிக்கு நேரா க்ளென் பேரைச் சொல்லப் போறேன்." நோராதான் பேச்சை எழுதிக்கொடுத்தாள். முதல் இரண்டு வரி நன்றி. மூன்றாவது வரி, எங்கள் மகன் க்ளென்னை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம், ஐயா தயவுசெய்து நேரடியாகக் கவனிக்க வேண்டும் என்பது. அந்த மூன்றாவது வரிக்காகத்தான் முதல் இரண்டும்.

சனிக்கிழமை சர்ச் ஹாலில் நூறு பேர் இருப்பார்கள். மேடையில் திரை கட்டி, இளவயது அதிகாரி ஒருவர் படம் படமாகக் காட்டினார். வண்டித் திருட்டு, செயின் பறிப்பு, வீடு உடைப்பு. ஒவ்வொன்றுக்கும் போன வருஷம் ஒரு தூண், இந்த வருஷம் ஒரு தூண். எல்லாவற்றிலும் இந்த வருஷத் தூண்தான் குட்டை. கடைசியில் காணாமல்போனவர்கள். நிலுவையில் போன வருஷம் முப்பத்தொன்று, இந்த வருஷம் ஒன்பது.

ஓஸ்வால்டுக்கு முதலில் சந்தோஷம்தான். இருபத்திரண்டு வீட்டில் ஆள் திரும்பி வந்திருக்கிறது. பிறகு, சுவரோரம் நின்ற நஞ்சுண்டப்பா பக்கம் சாய்ந்து கேட்டார். "அந்த ஒன்பதுல நம்மளுது எத்தனாவது?"

நஞ்சுண்டப்பா திரையைப் பார்த்தபடியே சொன்னார். "அதுல இல்ல ஸார். உங்களுது போன மாசமே க்ளோஸ் ஆச்சே."

"கெடச்சிட்டானா?"

"ஐயோ, இல்ல ஸார். சி ரிப்போர்ட் போட்டாச்சு. கேஸ் நெஜம், ஆனா கண்டுபுடிக்க முடியலன்னு கோர்ட்டுக்கு எழுதறது. நோட்டீஸ் தபால்ல வரும். நெறைய கேஸு அப்படித்தான் முடிச்சாங்க. பழசெல்லாம் நின்னுக்கிட்டே இருந்தா கிராஃப் எப்படி எறங்கும்?"

"எங்களை ஒரு வார்த்தை கேக்கலியே."

"மாசா மாசம் போன்ல கேட்டாங்களே. புகார்தாரருக்கு முழுத் திருப்தின்னு பத்து பிரிண்ட் ஃபைல்லயே வெச்சிருக்கு. ஒண்ணு, ரெண்டுன்னு மார்க் போட்டவங்க கேஸைத் தொடத்தான் இன்ஸ்பெக்டருக்கு பயம். அந்த ஒன்பதும் அவங்களோடது."

அடுத்த நாற்காலியில் இருந்த நோரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க ஓஸ்வால்டுக்குத் தைரியம் வரவில்லை.

"மறுபடி தொறக்க முடியாதா?"

"தொறக்கலாம் ஸார். இன்ஸ்பெக்டர் மனசு வெக்கணும். அதோட, புதுசா ஏதாச்சும் தகவல் இருக்கணும். உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

"அது நீங்க தேடித்தானே..."

அதற்குள் மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் டெபுடி கமிஷனர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். ஓஸ்வால்ட் தாளைப் பிரித்தார். முதல் வரி படித்தார், இரண்டாவது வரி படித்தார். மூன்றாவது வரியில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை பேர் முன்னால் இன்ஸ்பெக்டரைத் தலைகுனியவைத்துவிட்டு, திங்கட்கிழமை அதே ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும். திறக்கிற கை அவருடையது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நன்றி ஐயா" என்றார். கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். இன்ஸ்பெக்டரே அதன் முனையை இழுத்துச் சரிசெய்துவிட்டார்.

வெயிலில் நடந்தே வந்தார்கள். சால்வையை நோரா கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பேசினாள்.

"மூணாவது வரியைப் படிக்கல."

"படிச்சா அவன் தொறக்க மாட்டான்."

"படிக்காட்டி தொறந்துடுவானா?"

இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். எழுந்தது, குளித்தது, இரண்டு தோசை, மூன்றாவது வேண்டாம் என்றது, ஷூவின் நாடா அறுந்து முடிச்சுப் போட்டது. எல்லாம் புகாரில் இருந்தது. பதினோரு மாதமாகச் சலித்துச் சலித்துப் பார்த்ததில் புதுசாக ஒரு பொடிகூட மிச்சமில்லை. காபி ஆறி ஆடை கட்டியது.

"நோரா, எழுது" என்றார் ஓஸ்வால்ட்.

"என்னான்னு?"

"ஹோசூர் பஸ் ஸ்டாண்டுல பாத்ததா எழுது. போன வாரம்."

"யாரு பாத்தா?"

"தெரிஞ்சவங்க ஒருத்தரு. பேரு வேணாம். கூப்புட்டதுக்குத் திரும்பிப் பாத்தான், ஆனா நிக்கலன்னு எழுது."

அவள் அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு தாளை எடுத்து, இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு என்று மேலே எழுதி, தேதி போட்டு, தன் வட்டமான கையெழுத்தில் ஒவ்வொரு வார்த்தையாக எழுதினாள். ஹோசூர். பஸ் ஸ்டாண்ட். திரும்பிப் பார்த்தான். அந்த இடத்தில் பேனா நின்றது.

"எளச்சிருந்தானாமா?" என்று கேட்டாள்.

ஓஸ்வால்ட் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம்" என்றார்.