குளிகையின் புளிப்பு

சுகிர்தபாய் என்கிற பெயரை உமையம்மாள் முதன்முதலாகக் கேட்டது ஒரு போலீஸ்காரன் வாயிலிருந்துதான். அதுவரை அவளுக்கு அந்தப் பெண் பொன்னுதாசின் பெண்டாட்டி, அவ்வளவே.

தமிழ்ப் பகுதிகளை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிக்கக் கேட்ட எல்லைப் போராட்ட வருஷம் அது. ஆடி மாதத்து ஊர்வலத்தில் பொன்னுதாசின் முழங்காலுக்குக் கீழே தடி விழுந்து சதை பிளந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கிருந்து நேரே ஜெயில். அதனால் வெள்ளறடையில் தென்னந்தோப்புக்காரி உமையம்மாள் கொப்பரை போட்டுவைக்கும் கொட்டகையான புரைக்குள் அவனைக் கிடத்தினார்கள். ஒளிந்த இடத்திலேயே புண் ஆறியாக வேண்டும்.

சுகிர்தபாய் வைத்த பத்தியம் கொஞ்சநஞ்சமல்ல. கஞ்சியும் சுட்ட பப்படமும்தான்; காய் ஆகாது, கீரை ஆகாது, புளி ஆகவே ஆகாது. புளிப்பு சேர்ந்தால் புண் சீழ்கோர்க்கும் என்பதை அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் மறுத்துப் பேசினவர் கிடையாது. கார்த்திகை பிறந்தும் புண் வாய் மூடவில்லை. ஈறில் இரத்தம் வேறு கசியத் தொடங்கியது.

தனக்குத்தான் ஈறு நோவு என்று சொல்லி, சுகிர்தபாய் கம்பவுண்டர் ராபின்சனிடம் வைட்டமின் சி குளிகை வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற சாக்கில்தான் அவளால் புரைக்கு வர முடியும். மருந்தை அங்கே விட்டுப்போனால் சோதனையில் காட்டிக்கொடுக்குமே என்று, வாரத்துக் குளிகை முழுவதையும் ஒரே மடக்கில் அவனை விழுங்கவைத்தாள். வயிறு போனதுதான் மிச்சம்.

எல்லாவற்றையும் தானே ஒன்றாக விழுங்கினதாக அவள் சொன்னதும் ராபின்சன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏ புள்ளே, ஒடம்பு என்ன குளமா, மடையத் தெறந்து நெறைக்க? வேண்டியதக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு மிச்சத்த மூத்திரத்தோட விட்டுரும். ஓரோண்ணா, கஞ்சி குடிச்ச பெறவு திங்கணும். கேட்டியா?"

உமையம்மாளிடம் கொடுத்து வேளாவேளைக்குக் கொடுக்கச் சொல்லலாமென்று, குளிகையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். முற்றத்தில் போலீஸ்காரன். இவள் அடிக்கடி மருந்து வாங்குவதை யாரோ ஓதியிருந்தார்கள்.

"சுகிர்தபாய் இவிடெ வருந்நுண்டோ?" இங்கே வருகிறாளா என்று அவன் உமையம்மாளிடம் மலையாளத்தில் கேட்டான்.

"அது ஆருக்க பேரு?" என்றாள் உமையம்மாள். பொய்யில்லை.

"எனக்க பேராக்கும்," என்று சுகிர்தபாயே முன்னால் வந்தாள். "தேங்கா பெறக்க வாறேன்."

முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, இது எதற்கென்று கேட்டான். "எந்தினாடீ ஈ குளிகை?"

"எனக்கு ஈறுல சோர வருது."

"எங்கில் திந்நு. ஞான் காணட்டே." அப்படியானால் தன் கண்ணெதிரே தின்னச் சொன்னான்.

புரைக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தால் தீர்ந்தது. சுகிர்தபாய் அத்தனையையும் வாயில் போட்டு மென்றாள். கண் கலங்கியது, முகம் கோணவில்லை. அவன் கொஞ்சம் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

"மருந்தெல்லாம் போச்சே, மக்கா!" என்றாள் உமையம்மாள்.

சுகிர்தபாய் நாக்கைச் சுழற்றினாள். "அம்மா, இது புளிக்குது."

"எது?"

"குளிகை. நெல்லிக்காயக் கடிச்சமாதிரி கொடும்புளி. மருந்தே புளியா இருந்தா, நான் எதுக்கு அவருக்குப் புளி காட்டாமப் போட்டேன்?"

"உனக்க பத்தியத்துல தீய வைக்க," என்றாள் உமையம்மாள்.

உமையம்மாளின் தோப்பு விளையில் நெல்லி காய்த்துக் குலுங்கியது. காயை எந்தப் போலீஸ் கண்டால் என்ன? ஆனாலும் புண் சீழ்கோர்த்துவிடுமோ என்று சுகிர்தபாய்க்குப் பயம். பயந்துகொண்டேதான் முதல் காயை இடித்து ஊட்டினாள். அதன்பின் வேளைக்கொன்றாகக் கஞ்சியோடு கொடுத்தது உமையம்மாள். முதலில் ஈறுக் கசிவு நின்றது. கிறிஸ்துமஸ் கழியும் முன்பே புண் ஓரம் சுருங்கி மூடியது. பொன்னுதாஸ் மலையோரமாக நடந்து பணகுடிப் பக்கம் போய்விட்டான்; வழக்குகள் ஓய்ந்த பிறகே திரும்பினான்.

அவன் செத்து வருஷங்கள் ஆயின. சுகிர்தபாய் காட்டாக்கடையில் மகள் வீட்டில் இருக்கிறாள்.