ஆறுக்குக் குறைந்தால் கிடையாது

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தெரு வைத்த பெயர் ஆறு. வண்ண மீன் கடை நடத்துபவள். கூட்டமாக வாழும் மீன் எதையும் ஆறுக்குக் குறைந்து விற்க மாட்டாள், அதனால் வந்த பெயர். கோபத்தை முழுநேரத் தொழிலாகவும் மீன் விற்பதை உபதொழிலாகவும் வைத்திருந்த ஒருத்திக்கு இப்படியொரு பெயர் வாய்த்ததைத் தெரு ரொம்பவே ரசித்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் தேநீரை ஊதும்போதெல்லாம், அவள் காதில் விழும்படி “ஆறு, ஆறு” என்பார். பிறகு, தேநீர் மட்டும் ஆறிவிட்டது என்று அறிவிப்பார்.

“ஒண்ணே ஒண்ணு போதுங்க, மேசை மேல வைக்க,” என்று ஒருவர் வந்து நிற்பார்.

“உங்க வீட்டுல எத்தன பேரு?”

“நாலு.”

“மூணு பேர வெளிய அனுப்பிட்டு ஒரு வாரம் தனியா இருந்து பாருங்க. அப்புறம் வந்து ஒண்ணு கேளுங்க.”

“அதுக்குத்தாங்க நானும் பல வருஷமா வழி தேடிட்டிருக்கேன்.”

அவருக்கும் மீன் கிடைக்காது.

தனிமை ஆகாது என்று இவ்வளவு உரக்கச் சொன்னவள், கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாகத்தான் இருந்தாள். கணவர் நிம்மதி தேடிப் போனார், கிடைத்துவிட்டதாகக் கேள்வி. மிஞ்சியது தம்பி ஒருவன். நாற்பதைத் தொட்டும் கல்யாணம் ஆகாதவன். தொட்டி கழுவுவது, மீனைக் கொண்டுபோய்க் கொடுப்பது, அக்கா விரட்டியடித்த வாடிக்கையாளரைத் தெருமுனையில் மடக்கிச் சமாதானம் செய்வது எல்லாம் அவன் வேலை. குடும்பத்துக்கென்று அளந்து வைத்திருந்த ‘முடியாது’ அத்தனையையும் அக்காவே செலவழித்துவிட்டதால், அவன் பங்குக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அமைதியான பிள்ளை என்றது தெரு. அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கடையில் விற்பனைக்கே இல்லாத மீன் ஒன்று உண்டு. தட்டுபோல வட்டமாக, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு டிஸ்கஸ். அதற்கு வாத்தியார் என்று பட்டம். காட்டாற்றில் பிடித்த டிஸ்கஸ் புதிதாக வந்து இறங்கினால், கடைத் தீனியைத் தீனி என்றே மதிக்காது. மூக்கு முன்னால் உருண்டை விழுந்தாலும் கல் விழுந்ததுபோலப் பார்க்கும். அப்போது வாத்தியாரை உள்ளே விட வேண்டும். அவர் சாவகாசமாக மேலே வந்து லபக்கென்று ஓர் உருண்டையை விழுங்குவார். அதை ஒரு மீன் பார்க்கும். அந்த மீனை இன்னொன்று பார்க்கும். இரண்டொரு நாளில் வகுப்பு முழுக்கத் தேறிவிடும். தேறிய வகுப்பு விலைபோனதும், அடுத்த வகுப்பு வரும்வரை அவர் தனியே காத்திருப்பார். அந்தத் தனிமை மட்டும் ஏனோ அவள் சட்டத்தில் சேராது. மற்றபடி, அவள் மனசார ‘ர்’ விகுதி போட்டுப் பேசிய ஒரே ஜீவன் அவர்தான்.

அன்று அவள் புதுச் சரக்கை எடுத்துவரப் போயிருந்தாள். மீன் பைகளோடு திரும்பி வந்தபோது வாத்தியாரின் தொட்டி காலி.

“வாத்தியார் எங்கடா?”

“பல் டாக்டர் வந்தாருக்கா. நோயாளிங்க ஒக்கார்ற எடத்துல வைக்கணும்னாரு. ஒண்ணுதானே கேக்குறாருன்னு…”

‘ஒண்ணுதானே’ என்பது அந்தக் கடையில் கெட்ட வார்த்தை.

“பசங்க வந்து வகுப்புல ஒக்காந்தாச்சு, நீ வாத்தியார வித்துட்டு நிக்கிறியா! மண்டைக்குள்ள என்னடா வச்சிருக்க, பாசியா?”

தம்பி தலை குனிந்தான். தையல்காரர் கத்தரியை வைத்துவிட்டுக் காதைத் தீட்டினார்.

போய்க் கேட்டு வாங்கி வரலாம்தான். ஆனால், “கட்டினவனையே திரும்பக் கூப்பிடல, மீனுக்காகவா போய் நிப்பேன்?” என்று வீம்பு பிடித்தாள். புது மீன்களுக்கு வீம்பு தெரியவில்லை, பசி தெரிந்தது. போட்ட தீனி அடியில் கிடந்து ஊறிக் கரைந்தது. உயிர்ப்புழு போட்டால் தின்னும். ஆனால் புழுவோடு நோயும் வரும், ஒருமுறை அப்படி மொத்தத் தொட்டியையும் வாரிக் கொட்டியிருக்கிறாள். வயிறுகள் ஒட்டின. நெற்றிகள் குழிந்தன. இன்னும் விட்டால் ஒன்றும் தேறாது என்று தெரிந்ததும், வீம்பைக் கடையில் வைத்துவிட்டுக் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனாள்.

தொட்டியை அவர் வைத்திருந்த இடமே அவள் கோபத்துக்குப் போதுமானதாக இருந்தது. பல்லைக் குடையும் மெஷின் இருந்த அறையின் சுவரை ஒட்டி. உள்ளே மெஷின் அலறும்போதெல்லாம் வெளியே தண்ணீர் நடுங்கியது. காத்திருந்த ஒருவர் பொழுது போகாமல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். பயந்தால் டிஸ்கஸ் கறுக்கும். வாத்தியார் கரிச்சட்டி மாதிரி மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

“ரொம்ப அமைதியான மீனும்மா,” என்றார் டாக்டர். “அத பாத்தா எல்லாருக்கும் மனசு லேசாகுது.”

“அது அமைதி இல்ல டாக்டர், பயம். உங்க நாற்காலில வாயத் தொறந்துக்கிட்டு கெடக்கறவனும் அசையாமத்தான் இருக்கான். அவனையும் அமைதின்னா நெனச்சிட்டிருக்கீங்க?”

காத்திருந்தவர்களில் இருவர் தலையாட்டினார்கள். டாக்டர் மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே போய் வந்த மீனை நேரே கூட்டத்தில் கலக்கக் கூடாது. அதனால் வாத்தியாரைத் தனித் தொட்டியில் விட்டு, அதைப் புது மீன்களின் தொட்டியோடு கண்ணாடிக்குக் கண்ணாடி ஒட்டி வைத்தாள். தீனியை எடுத்துக் கையை நீட்டினாள். கை நிழலைக் கண்டதும் வாத்தியார் கறுத்து, மூலைக்குப் பாய்ந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த புது மீன்கள், ஒன்றைப் பார்த்து ஒன்றாக, அத்தனையும் கறுத்து மூலைக்குப் பாய்ந்தன. இப்போது பாடம் உடனே ஏறியது. பட்டினியோடு பயமும் சேர்ந்துகொண்டது.

“வாத்தியார் பாடத்த மாத்திட்டாருக்கா,” என்றான் தம்பி.

“யாருடா மாத்த வச்சது!”

அவள் போட்ட சத்தத்தில் தண்ணீர் அதிர்ந்தது. ஒரு மீன் கண்ணாடியில் முட்டிக்கொண்டு சாய்ந்து, மெல்ல நிமிர்ந்தது. அவள் அடுத்த வசவை வாய்க்குள்ளேயே மென்றாள். இந்த மீன்கள் பிழைக்க வேண்டுமானால் ஒரே வழிதான்: பயப்பட ஒன்றுமில்லை என்று வாத்தியாருக்கு மறுபடி தெரிய வேண்டும். அதுவரை இந்தக் கடையில் சத்தம் கூடாது.

அப்படியாக ஆறு வாயை மூடினாள். கோபம் குறையவில்லை, சத்தம்தான் குறைந்தது. வாடிக்கையாளர்களைக் கிசுகிசுத்தே விரட்டினாள். தையல்காரர் எட்டிப் பார்த்து, வீட்டில் ஏதும் துக்கமா என்று தம்பியிடம் விசாரித்தார். அவரையும் அவள் குசுகுசுவென்று திட்டி அனுப்பினாள். திட்டு எப்போதும்போல வண்டை வண்டையாகத்தான் இருந்தது. காதில் ரகசியமாக வாங்கியது அவருக்கு என்னவோ போலிருந்தது.

தம்பியோடும் சண்டை அப்படியே நடந்தது. தொட்டிகளுக்கு முன்னால் ஆளுக்கொரு முக்காலி.

“டாக்டர நல்லா கேட்டேன்,” என்று அவள் கிசுகிசுத்தாள், கொஞ்சம் பெருமையோடு. “அது அமைதி இல்ல, பயம்னு மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். நீயா இருந்தா சொல்லியிருப்பியா? வாயில என்ன கொழுக்கட்டையா?”

வழக்கமாக இந்த இடத்தில் அவள் குரல் ஏறும், அவன் எழுந்து தொட்டி கழுவப் போவான். இன்று குரல் ஏறவில்லை. பேச்சில் ஓர் இடைவெளி விழுந்தது. அவர்கள் வாழ்க்கையிலேயே முதல் இடைவெளியாக இருக்கலாம்.

“என்னைப் பாக்க ரெண்டு தடவ பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாங்க,” என்றான். “ரெண்டு தடவையும் வாசல்ல வச்சே கத்தி அனுப்பிட்ட.”

“அவங்க கேட்ட கேள்வி அப்படிடா. நீ ஏன் ஒரு வார்த்த சொல்லல? பேசாம தொட்டிக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிட்ட. சரி, உனக்கும் இஷ்டமில்ல போலன்னு நெனச்சேன். சின்ன வயசுலேர்ந்தே நீ அமைதி…”

“அது அமைதி இல்லக்கா.”

இவ்வளவுதான் சொன்னான். அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. யார்மேல் என்று தெரியாத கோபம் அவளுக்கு அதுதான் முதல். கத்தவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது; எழுந்தால் நிழல் விழும். தன் வாக்கியமே திரும்பி வந்து தன் கன்னத்தில் அறைந்ததை உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக்கொண்டாள்.

“ஒத்தையா ஒரு மீனத் தர மாட்ட. என்னை மட்டும்…” என்றான் தம்பி, தொட்டியைப் பார்த்தபடி.

அவள் தீனி டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள். அன்றிலிருந்து அவன்தான் தீனி போட்டான். அவன் கை மெதுவாகத்தான் நீளும். வாத்தியாரின் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஒரு காலையில், அவன் கைக்குக் கீழேயே மேலே வந்து, லபக். அடுத்த தொட்டியில், நெற்றி ரொம்பக் குழிந்திருந்த மீன் ஒன்று அதைப் பார்த்தது. மேலே மிதந்த உருண்டையை வாயில் வாங்கியது, துப்பியது, மறுபடி வாங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு எது முதல் எது கடைசி என்று தெரியாத ஒரே அடிதடி.

வகுப்பு தேறிய சேதி எப்படியோ டாக்டருக்கும் எட்டியது. நேரில் வந்துவிட்டார்.

“இந்தத் தடவ ஆறாவே வாங்கிக்கறேம்மா.”

ஆறு என்று கேட்டால் அவள் மறுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. வலையை எடுக்கக் கையை நீட்டினாள்.

“முடியாது டாக்டர்!” என்றது ஒரு குரல். தம்பி. கொடுத்துப் பழக்கமில்லாத குரல் என்பதால் அளவு தெரியாமல் பெரிதாக வந்தது. “மெஷின் செவுத்துக்குப் பக்கத்துலதானே வைப்பீங்க? ஆறு இல்ல, அறுபது வச்சாலும் பயப்படும். தொட்டிய எடம் மாத்துங்க, நான் வந்து பாத்தப்புறம்தான் மீனு!”

தெருவே திரும்பிப் பார்த்தது. குரல் அவனுடையது, தோரணை அப்பட்டமாக ஆறுவினுடையது. தொட்டிக்குள் வகுப்பு முழுக்க மூலைக்குப் பாய்ந்தது.

அவள் வலையைக் கீழே வைத்தாள். கண்கள் கனன்றன. அவன் காதருகே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்:

“மெதுவா பேசுடா, தடிமாடு. மீனு பயப்படுதுல்ல.”