நான் வேண்டாமென்ற வரி

பால் விடாத கட்டன்சாயாவும் ஏத்தங்காய் உப்பேரி வறுவலும் மணக்கும் அந்தக் கமிட்டி அறை...

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பல்கலைக்கழகம். அங்கே நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பத்தாம் வகுப்போடு சரி. மீதியெல்லாம் நானே படித்தது. நடத்தை விதிகளைத் திருத்தக் கமிட்டி போட்டபோது, ஊழியர் சார்பில் என்னையும் உட்கார வைத்தார்கள்.

ஒரு விதியில்தான் சண்டை. வீட்டுக்குப் போன விடுதிப் பெண்கள் சொன்ன நாளில் ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். மூன்று முறை தவறினால் டி.சி.

"தகுந்த காரணமிருந்தால் வார்டன் மன்னிக்கலாம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் கமிட்டியிலிருந்த ஆலயத்துப் பாதிரியார், அச்சன்.

நான் விடவில்லை. "அந்த மன்னிப்பு டாக்டருக்க மவளுக்குக் கிட்டும். கூலிக்காரனுக்க மவளுக்குக் கிட்டாது. எல்லாருக்கும் ஒரே சட்டமாக்கும்."

எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஒரு 'தகுந்த காரணத்தால்'தான் வேறொருவருக்குப் போனது. அந்தக் கோபம்...

அச்சன் சிரித்தார். "உமக்க லைப்ரரியில சட்டப் புஸ்தகம் மட்டும்தான் உண்டா?"

மாணவிகள் சார்பில் வந்திருந்த ஷீபா, பனச்சமூட்டில் ரப்பர் வெட்டுகிறவரின் மகள், கேட்டாள்: "ஹர்த்தாலுண்ணா பஸ் ஓடாதே மாமா. நான் எப்பிடி வாறது?"

"முந்தின நாளே வரணும் மக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரி வேண்டாமென்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

அந்த வருடமே ஒரு ஹர்த்தால். முந்தின இரவுதான் அறிவித்தார்கள். ஹர்த்தால் முடிந்து மாலை ஆறுக்கு மேல் புறப்பட்ட முதல் பஸ்ஸில் ஏறி ஷீபா ஏழரைக்கு வந்தாள். அது மூன்றாவது முறை.

அன்றே அப்பாவின் காரில் ஏழு மணிக்கு வந்திறங்கிய ஒரு டாக்டரின் மகளை நானே பார்த்தேன். மறுநாள் விடுதியில் தாமதமாக வந்தவர்களின் பதிவேட்டைப் புரட்டினேன். ஷீபாவின் பெயர் இருந்தது. டாக்டர் மகளின் பெயர் இல்லை.

அச்சன் என்னைத் தேடி வந்தார். "அண்ணே, நீரு ஒரு வாக்கு சொன்னா கமிட்டிய திரும்பக் கூட்டலாம். பிள்ளைக்க படிப்பாக்கும்."

பதிவேட்டில் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வாதம் தோற்றதாகிவிடுமே...

"சட்டம் சட்டமாக்கும் அச்சோ," என்றேன்.

இப்போது அங்கே பிள்ளைகள் வார்டனுக்கு வாட்ஸாப்பில் "பஸ் லேட்" என்று ஒரு வரி போட்டால் போதுமாம்.

ஷீபா நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். என்னைக் கண்டால், "மாமா, சுகமா?" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவாள்.

எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றது சரிதான் என்று இன்றைக்கும் யாரிடமும் வாதாடுவேன்.

அவளிடம் மட்டும் முடியவில்லை.