விஜயாக்கா ஏன் இளைத்தார்?

செய்தி வந்தபோது நான் காய்கறி வண்டியருகே நின்றிருந்தேன். “அத்த போய்ட்டாங்க டீச்சர்” என்று போனில் சொல்லிவிட்டு விஜயாக்காவின் மருமகள் அழுதாள். பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் விஷயத்தைக் கேட்டதும், “நடந்து நடந்தே ஒடம்ப கரைச்சிக்கினாங்க, அதான்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் வாங்கிய காயை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவரை அறிந்த உங்களுக்கு நான் இதை எழுதுவது அந்த ஒரு பேச்சுக்காகத்தான்.

வேடந்தாங்கலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில் அவர் சத்துணவு அமைப்பாளர், நான் ஆசிரியை. உடம்பைக் குறைக்கச் சொல்லி நர்ஸம்மா வந்து பேசுவார், முட்டிவலியோடு உட்கார்ந்து எல்லோரும் தலையாட்டுவோம். விஜயாக்காதான் சேர்ந்து நடப்போம் என்று பெண்களை ஏரிக்கரைக்குக் கூப்பிட்டார். ஒருத்தியும் வரவில்லை. ஏனென்று வீடு வீடாகப் போய் விசாரித்தோம். வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறாள் என்று ஊர் பேசுமாம். மறுநாளே அக்கா ஆளுக்கொரு காலிப் பை கொடுத்தார். கையில் பை இருந்தால் எங்கேயோ போகிறாள் என்றுதானே நினைப்பார்கள்! கூட்டம் சேர்ந்துவிட்டது. பறவை பார்க்க வந்த ஒருவர், இங்கே சந்தை எங்கே கூடுகிறது என்று என்னிடம் கேட்டார்.

நம் ஊரில் உடம்பு வைத்தால் பூசினாற்போல் இருக்கிறாய் என்று சந்தோஷப்படுவோம். இளைத்தால், சுகரா, வீட்டில் சண்டையா என்று துக்கம் விசாரிப்போம். எங்களோடு நடந்த தனலட்சுமி கொஞ்சம் இளைத்ததும், மாமியார் அவளைப் பட்டினி போடுவதாகப் பேச்சு கிளம்பியது. மாமியார் அவளை நடக்க விடாமல் நிறுத்திவிட்டார். அக்கா சண்டைக்குப் போகவில்லை. அந்த மாமியாரையும் நடக்கக் கூட்டி வந்தார். “ரெண்டு பேரும் எளைக்கட்டும், யாரு யார பட்டினி போட்டான்னு ஊரு கொழம்பட்டும்” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டளை போட்டார். ஏன் இளைத்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது.

போன வருஷம் அக்காவே மளமளவென்று இளைத்தார். கட்டளைப்படி யாரும் கேட்கவில்லை. பாராட்டினார்கள், அவரைப் பார்த்துப் புதிதாகவும் பலர் நடக்க வந்தார்கள். எதையும் துருவாமல் எனக்குத் தூக்கம் வராது. தனியாகப் பிடித்துக் கேட்டேன். வயிற்றில் கட்டி, செங்கல்பட்டில் வைத்தியம் நடக்கிறது என்றார். எல்லோரிடமும் சொல்லிவிடலாமே என்றேன்.

“இப்ப சொன்னா, எளைச்சா நோவுதான்னு அல்லாரும் வூட்லயே குந்திக்குவாளுங்க. நான் கீற வரைக்கும் வாய மூடிகினு இரு டீச்சர். அப்பறம் நீயே சொல்லிடு.”

பிறகும் முடிந்தவரை நடந்தார், முடியாதபோது மதகில் உட்கார்ந்து மற்றவர்களை அதட்டினார். ஜம்முனு ஆயிட்டீங்க என்று யாராவது சொன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவருக்கு எப்படி வந்தது? தைரியமா, பிடிவாதமா? எத்தனை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் ஏரிக்கரைக்குப் போனேன். ஒருவரும் இல்லை. இத்தனை பாடும் வீண்தானா? நேரே தனலட்சுமி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவை இளைக்கவைத்தது கட்டி, கொண்டுபோனதும் அதுவே. நடந்ததால் அவருக்குப் போனது முட்டிவலி மட்டும்தான்.

அவருடைய நினைவாக நான் வைத்துக்கொள்வது, எனக்குப் பிடிபடாத அந்தச் சிரிப்பை. மற்றதையெல்லாம் உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அன்று நான் சொன்னதைத் தனலட்சுமியின் மாமியாரும் உடனிருந்து கேட்டார். பிறகு, “நோவ வெச்சிகினா எங்கள இஸ்துகினு நடந்தா?” என்று கேட்டு அழுதார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடினார்.