ரயிலுக்குப் போட்ட குழியில் தண்ணீர்

சேலத்துக்கு மெட்ரோ ரயில் எனக்குத் தெரிந்து பலமுறை வந்துவிட்டது. எல்லாம் டீக்கடை பெஞ்சில்தான். ஜங்ஷனில் புறப்பட்டு ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்டு, பழைய பஸ் ஸ்டாண்டு, குகை, சீலநாயக்கன்பட்டி என்று ஒருவர் பாதை போடுவார். எதிரே இருப்பவருக்கு அஸ்தம்பட்டியில் வீடு என்றால் ரயில் அந்தப் பக்கம் திரும்பும். இன்னொருவர் வந்து உட்கார்ந்தால் அவருடைய தெருமுனையில் ஒரு ஸ்டேஷன் முளைக்கும். இரண்டாவது டீ ஆறுவதற்குள் திறப்பு விழாவும் முடிந்துவிடும். நான் திருச்செங்கோட்டுக்காரன். என்னைக் கேட்டிருந்தால் எங்கள் மலையடிவாரம் வரைக்கும் இழுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அதனால், அந்த ரயிலுக்காக மண் பரிசோதனைக் குழி போட ஆள் வேண்டும் என்று போன் வந்தபோது நான் சிரித்துவிட்டேன். ரயில் வருமா வராதா என்பது கூப்பிட்டவர்களுக்கே தெரியாது. வந்தால் தூண் நிற்குமா என்று பார்க்க வேண்டுமாம். பாதை நெடுகக் குழி போட்டு, அடியில் என்ன மண், என்ன பாறை என்று எடுத்துக் காட்ட வேண்டும். எங்கள் ஊரில் வீதிக்கு நாலு ரிக் லாரி நிற்கும். தண்ணீருக்கு போர் போடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த தொழில். என்னிடமும் ஒரு லாரி இருந்தது. அதில் துளை போடுபவர் என் மச்சான், மனைவியின் அண்ணன்.

நான் இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டதே அவருக்காகத்தான். ஒரு வருடமாக அவர் போட்ட எந்த போரிலும் தண்ணீர் இல்லை. ஆயிரம் அடி தாண்டியும் வெறும் பாறைப்பொடிதான் புகையாக வந்தது. மழை பொய்த்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. அவருக்கு ராசி போய்விட்டது என்றார்கள். எங்கள் தொழிலில் அந்தப் பேச்சு கிளம்பிவிட்டால் அடக்க முடியாது. ராசிபுரத்துப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர், "லாரி வரட்டுமுங்க. உங்க மச்சான் மட்டும் வேண்டாமுங்க" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். மச்சான் லாரிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில், "இந்த மாசத்தோட முடிச்சுக்கறனுங்க மாப்பிள்ளை. பள்ளிபாளையத்துல ஒரு தறிப்பட்டறைல வாட்ச்மேனுக்கு ஆள் கேக்கறாங்க" என்றார். இருபது வருடம் ஒரே லாரியில் சுற்றியவர்கள் நாங்கள். அவரை ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து நினைத்துப் பார்த்தேன். கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

தண்ணீர் கிடைத்தே ஆகவேண்டும் என்றில்லாத வேலை, ராசி பார்க்க ஆளில்லை, மனிதர் கொஞ்சம் தேறட்டும் என்றுதான் சேலத்துக்கு அழைத்து வந்தேன். லாரியை வீட்டில் நிறுத்திவிட்டு, மூன்று கால் வைத்த சின்ன மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மச்சான் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இதுல துணி காயப்போடலாமுங்க" என்றார்.

வேலையும் அப்படித்தான் இருந்தது. பாறையைப் பொடியாக்கியே பழகிய மனிதரிடம், அதை உடையாமல் கரும்புத் துண்டு போல எடுத்து மரப்பெட்டியில் அடுக்கச் சொன்னார்கள். மேற்பார்வைக்கு வந்த பொறியாளர் சென்னைப் பெண். எல்லோரையும் அண்ணா என்பார். "மெதுவா, மெதுவாண்ணா" என்று அவர் சொல்லச் சொல்ல, இவருக்குக் கை பரபரக்கும். ஆனாலும் ஒவ்வொரு குழிக்கும் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்காமல் மெஷினைத் தொடமாட்டார். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் பொறுமையாக நிற்பார்.

ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு சாலையோரக் குழி. எழுபது அடி போயிருந்தோம். துளை போடும்போது உள்ளே டேங்கர் தண்ணீர் விடும் பம்பை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம். தயிர்சாதத்தில் கை வைத்த மச்சான் அப்படியே எழுந்து போனார். குழிக்குள் இறக்கியிருந்த குழாயின் வாயில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"மாநகராட்சிக் குழாய் உடைஞ்சிடுச்சா?" என்று பொறியாளர் பதறினார்.

"எழுவது அடில ஏதுங்க அம்மணி குழாய்?" என்ற மச்சான், ஒரு கை அள்ளிக் குடித்தார். "நாம வுட்ட டேங்கர் தண்ணி உப்புங்க. இது இனிக்குது."

அதற்குப் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. எங்கள் பக்கம் போரில் தண்ணீர் வந்தால் அந்த வீட்டுக்காரம்மா குழாய்க்குப் பொட்டு வைத்துப் பூச்சுற்றி, ஆரத்தி எடுத்து, எல்லோருக்கும் சர்க்கரை கொடுக்க வேண்டும். மச்சான் எதிர்க் கடைக்கு ஓடினார். பூ வந்தது, மஞ்சள் குங்குமம் வந்தது, தட்டு இரவல் வந்தது. இரண்டு பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். தட்டைக் கொண்டுபோய்ப் பொறியாளர் கையில் கொடுத்து, "நீங்கதான் இந்த எடத்துக்கு ஊட்டுக்காரம்மா. சுத்துங்க" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஹெல்மெட்டோடு மூன்று சுற்று சுற்றினார்.

ஆரத்தியைச் சாலையோரம் ஊற்றிவிட்டு வந்துதான் மெதுவாகச் சொன்னார். "அண்ணா, தூணுக்கு இது நல்ல சேதி இல்லை. இங்க தண்ணி இருந்தா அஸ்திவாரத்தையே வேற மாதிரி போடணும். அதோட, குழியை இன்னைக்கே சிமெண்ட் ஊத்தி அடைச்சிடணும். இப்படி வழிய விடக்கூடாது."

மச்சானின் கையில் சர்க்கரைப் பொட்டலம் அப்படியே இருந்தது. ஒரு வருடம் காத்திருந்து வந்த தண்ணீர். எனக்கு அந்தப் பெண் மேல், ரயில் மேல், இந்த வேலைக்கு ஒத்துக்கொண்ட என் மேல் எல்லாம் எரிச்சலாக வந்தது. "நீங்க ஊட்டுக்குப் போங்க மச்சான், நான் அடைச்சுக்கறேன்" என்றேன். அவர் நகரவில்லை. பொறியாளர் படிவத்தில் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க அம்மணி எழுதறீங்க?"

"எந்த ஆழத்துல தண்ணி வந்துச்சு, எவ்வளவு வேகமா வழியுதுன்னு."

"ஆரு போட்ட குழின்னு எழுதுவீங்களா?"

"அதுக்குத் தனியா ஒரு கட்டமே இருக்குண்ணா. எந்த வரைபடத்தை எடுத்தாலும் இந்தக் குழியும் தண்ணியும் உங்க பேரும் சேர்ந்துதான் இருக்கும்."

மச்சான் தன் பெயரை இனிஷியலோடு சொன்னார். ஊர்ப் பெயரையும் சேர்க்கச் சொன்னார். பொறியாளர் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார். பிறகு குடத்தோடு நின்ற பெண்களுக்கு நிரம்பப் பிடித்துக் கொடுத்து, சர்க்கரையையும் கொடுத்து அனுப்பினார்.

சிமெண்டை அவரே கலக்கினார். யாரையும் கிட்டே விடவில்லை. நீள ரப்பர் குழாயை அடி வரைக்கும் இறக்கி ஊற்றினார். மேலே வந்த தண்ணீர் முதலில் பால் போலக் கலங்கியது, அப்புறம் சாம்பல் நிறமானது, அப்புறம் நின்றது. குழாயில் சுற்றியிருந்த பூவை எடுத்து ஓரமாக வைத்தார். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"நம்ம லாரிய எடுத்து எத்தன நாளாச்சுங்க மாப்பிள்ளை? பேட்டரி எறங்கிப் போயிருக்கும். நாளைக்கு வெடியால போயி நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்."